ஸ்டேட் வந்திருக்கு: செவிலி அக்கா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்க நர்சிங் ஹோம்களில் வேலை பார்க்கும் நம்மவர்களிடமிருந்து. எல்லோருக்கும் ஒரே கவலை, மாநில அரசின் ஆய்வு. ஆய்வுக்கு வருகிறவர்களை இங்கே சுருக்கமாக ‘ஸ்டேட்’ என்பார்கள். அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். மதுரையிலோ திருச்சியிலோ நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம் பார்ப்பார்கள், குடல்வால் ஆபரேஷன் செய்வார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயர் வேறு இடத்துக்கு. தானாக எழுந்து நடமாட முடியாத முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கியிருக்கும் இடம் அது. அங்கே இருப்பவர்களை நோயாளி என்று சொல்வதில்லை, ரெசிடென்ட் என்பார்கள். குடியிருப்பவர் என்று அர்த்தம். அவர்கள் வீட்டில்தான் நாம் வேலை செய்கிறோம்.

நான் மதுரையில் நர்சிங் படித்து, சிகாகோவின் மேற்குப் புறநகர்ப் பகுதியில் 20 வருடங்களாக இந்த வேலையில் இருப்பவள். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: எனக்கு ஊழியர் பயிற்சிப் பொறுப்பு கொடுத்து நாலு மாதம் ஆகிறது. எங்கள் இடத்துக்கு சர்வே விண்டோ, அதாவது அடுத்த ஆய்வு வரக்கூடிய காலம், திறந்துவிட்டது, ஸ்டேட் எந்த நாளும் வரலாம் என்கிறார்கள். நிர்வாகி ஒரு கேள்வி பதில் புத்தகத்தைக் கொடுத்து, எல்லா உதவியாளர்களும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்கிறார். இரவு ஷிஃப்ட் பெண்கள் என்னைக் கண்டாலே ஓடுகிறார்கள். எப்படித் தயார் செய்வது அக்கா?
— வாசகி, டாலஸ்

அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிடுங்கள் தங்கச்சி. தீ விபத்து என்றால் என்ன செய்வது, யாராவது ஒரு ரெசிடென்டை அடித்ததைப் பார்த்தால் யாரிடம் சொல்வது, இந்த இரண்டை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். கொடுமை நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே மாநில அலுவலகத்துக்கு 2 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதனால் உதவியாளர் காலைவரை காத்திருக்கக் கூடாது, பார்த்த நொடியே சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் மனப்பாடத்தில் வராது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஆய்வு பிறந்த கதை தெரிந்தால் உங்களுக்கே புரியும். ஒரு காலத்தில் ஆய்வு என்றால் காகிதம் பார்ப்பதுதான் பெரும்பகுதி. கொள்கை எழுதி வைத்திருக்கிறீர்களா, உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். நர்சிங் ஹோம்களில் நடந்த அவலங்கள் வெளியே வந்த பிறகு, 1986-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க அமைப்பு விரிவான அறிக்கை கொடுத்தது. அதை ஒட்டி 1987 டிசம்பரில் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பார்வை ரெசிடென்டின் பக்கம் திரும்பியது. இவர் சாப்பிட்டாரா, இவருக்கு வலி இருக்கிறதா, இவரை மரியாதையாக நடத்துகிறார்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆய்வு செய்வது மாநில அரசின் ஆட்கள்தான், ஆனால் அவர்கள் கையில் இருப்பது மெடிகேர் (முதியவர்களுக்கானது), மெடிகெய்ட் (வசதி குறைந்தவர்களுக்கானது) என்ற மருத்துவத் திட்டங்கள் வழியாகப் பணம் தரும் மத்திய அரசின் விதிகள். ஒவ்வொரு விதிக்கும் எஃப்-டேக் என்று ஒரு எண் உண்டு. விதி மீறினால் அந்த எண்ணைப் போட்டு அறிக்கையில் குறை எழுதுவார்கள், அதைத்தான் ‘டேக் வந்தது’ என்போம். கை கழுவாமல் விட்டால் 880, படுக்கைப்புண் வந்தால் 686, விழுந்து அடிபட்டால் 689.

ஒரு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. மாநிலம் முழுக்கச் சராசரி 12 மாதம் இருக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். தேதியை யாராவது கசியவிட்டால் அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பத்தில் ஒரு ஆய்வாவது சனி, ஞாயிறு, விடியற்காலை, இரவு என்று அலுவலக நேரத்துக்கு வெளியே தொடங்க வேண்டும் என்பதும் உண்டு. புகார் போனால் அதற்கு இந்தக் கணக்கே கிடையாது, மறுநாளே வந்து நிற்கலாம்.

வந்தவுடன் என்ன செய்வார்கள்? குழுத் தலைவர் நிர்வாகியோடு உட்காருவார். ஒருவர் நேரே சமையலறைக்குப் போவார். மற்றவர்கள் உடனே மாடிக்கு, வார்டுக்குப் போய்விடுவார்கள். ஆளுக்கு எட்டு ரெசிடென்ட் அளவில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசுவார்கள். ‘எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்கிறீர்களா? மணி அடித்தால் வருகிறார்களா? பல் வலி இருக்கிறதா?’ அந்தப் பேச்சில் வந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு அவருடைய சார்ட்டை, அதாவது மருத்துவப் பதிவை, திறப்பார்கள். உங்கள் உதவியாளர் மனப்பாடம் செய்த பதில் அந்தப் பாட்டியின் வாயில் வராது, பாருங்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒரு ரெசிடென்டின் கட்டில் பக்கத்தில் 20 நிமிடம் சும்மா உட்காருவேன். அவர் அனுமதி கேட்டுவிட்டுத்தான். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்: உதவிக்குக் கூப்பிடும் பொத்தான் (கால் லைட்) கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். தண்ணீர்க் குவளை கைக்கு எட்டாத மேஜையில் இருக்கும். சிறுநீர்ப் பை தரையைத் தொட்டுக்கொண்டு, மூடி இல்லாமல் வாசலில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கும். காது கேட்கும் கருவி இழுப்பறையில், பேட்டரி தீர்ந்து. நின்றபடி நடந்து போகிற நமக்கு இதில் ஒன்றும் கண்ணில் படாது. நான் கண்டுபிடித்ததை நோட்டில் எழுதித் திட்டுவதில்லை. அடுத்த நாள் அந்த வார்டின் உதவியாளரையே அதே நாற்காலியில் உட்கார வைப்பேன். அவளுடைய பத்துப் பேரை வேறு ஒருத்தி பார்த்துக்கொள்வாள். 20 நிமிடம் கழித்து அவள் வந்து சொல்லும் பட்டியல் எப்போதும் என்னுடையதைவிட நீளமாக இருக்கும்.

இன்னொன்று, சாப்பாடு ஊட்டும் பயிற்சி. உதவியாளர் ஒருத்தியைக் கட்டிலில் படுக்க வைத்து, இன்னொருத்தியை நின்றுகொண்டே ஆப்பிள் கூழ் ஊட்டச் சொல்வேன். ஊட்டுகிறவள் மூன்றாவது ஆளோடு வார இறுதிக் கதை பேசிக்கொண்டே ஊட்ட வேண்டும். இரண்டு நிமிடம் போதும். படுத்திருந்தவள் எழுந்து, ‘மேலேயிருந்து கரண்டி முகத்துக்கு வரும்போது பயமாக இருந்தது’ என்பாள். அதற்கப்புறம் அவளிடம் ‘உட்கார்ந்து ஊட்டு, இல்லாவிட்டால் 550 டேக் வரும்’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேலை உடனே செய்யுங்கள். போன ஆய்வின் அறிக்கை, 2567 என்ற படிவம், உங்கள் முன்வாசல் பக்கம் ஒரு ஃபைலில் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உதவியாளர்களில் அதைத் திறந்து பார்த்தவர்களை நான் கண்டதே இல்லை. தினமும் ஷிஃப்ட் மாறும்போது ஐந்து நிமிடம், ஒரு பத்தி படித்துக் காட்டுங்கள். எளிய ஆங்கிலத்தில், தேவைப்பட்டால் யாரையாவது ஸ்பானிஷில் சொல்லச் சொல்லி. எங்கள் இடத்தில் பிலிப்பைன்ஸ் பெண்களும் மலையாளி நர்சுகளும் அதிகம், ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொள்வார்கள். ‘ஓ, அந்த மூன்றாம் நம்பர் அறைத் தாத்தாவைப் பற்றியா எழுதியிருக்கிறார்கள்?’ என்று ஒருத்தி கேட்பாள் பாருங்கள், அங்கேதான் பயிற்சி தொடங்குகிறது.

இரவு ஷிஃப்ட் ஓடுவது உங்களைக் கண்டு இல்லை. ராத்திரி 11 மணிக்கு வேலைக்கு வருகிறவர்களைப் பகல் 2 மணிப் பயிற்சிக்கு வா என்றால் யார் வருவார்கள்? நீங்கள் ராத்திரி போங்கள். மாதம் இரண்டு முறை போதும். கையில் சூடாக ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: மருந்து கொடுக்கும்போது ஆய்வாளர் பக்கத்தில் நின்றால் எனக்குக் கை நடுங்குகிறது. போன வருடம் அவர் எதிரிலேயே மாத்திரையைக் கீழே போட்டேன். இந்த வருடமும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். லீவு போட்டுவிடலாமா?
— வாசகி, ஹூஸ்டன்

போடாதீர்கள். மாத்திரை கீழே விழுந்தது பிழையே கிடையாது. அதை எடுத்து அப்படியே வாயில் போட்டிருந்தால்தான் பிழை. குப்பையில் போடாமல் முறைப்படி அழித்துவிட்டு, வேறு எடுத்துக் கொடுத்தீர்களா? அவ்வளவுதான்.

கணக்கைத் தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும். அவர்கள் குறைந்தது 25 மருந்து வாய்ப்புகளை, அதாவது மருந்து கொடுக்கும் தருணங்களை, பார்ப்பார்கள். ஒரே ஆளிடம் எல்லாம் பார்க்க மாட்டார்கள். வேறு வேறு நர்ஸ், வேறு வேறு நேரம், வாய், ஊசி, கண் சொட்டு என்று கலந்து பார்ப்பார்கள். பிழை விகிதம் 5 சதவீதத்தைத் தொட்டால் டேக். 25-இல் ஒன்று என்றால் 4 சதவீதம், தப்பிக்கலாம். இரண்டு என்றால் 8. ஆனால் ஆளுக்குப் பெரிய கெடுதல் வரக்கூடிய பிழை என்றால் ஒன்றே போதும், சதவீதக் கணக்குப் பேச முடியாது.

நடுக்கத்துக்கு மருந்து, வாயால் சொல்லிக்கொண்டே செய்வது. ஆய்வாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் மெல்லச் சொல்லுங்கள்: ‘இவருக்கு பிளட் பிரஷர் மாத்திரைக்கு முன்னால் அழுத்தம் பார்க்க வேண்டும், பார்த்தேன், 118.’ ‘இது மெதுவாகக் கரையும் மாத்திரை, நொறுக்கக் கூடாது.’ ‘இன்சுலின் பேனாவில் முதலில் 2 யூனிட் வெளியே விட்டுப் பார்த்தேன்.’ ‘ஸ்டீராய்டு இன்ஹேலர் முடிந்தது, வாய் கொப்பளிக்கச் சொல்கிறேன்.’ கை பழகியதை நாக்கும் பழகிக்கொண்டால், பக்கத்தில் யார் நின்றாலும் அது பாட்டுக்கு வரும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு வயதான பிலிப்பைன்ஸ் நர்ஸ். ஜெபம் சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டே மருந்து வண்டியை (கார்ட்) தள்ளுவார். அவரிடம் ஒரு ஆய்விலும் பிழை கண்டதில்லை.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது மாத்திரையில் இல்லை, அதைச் சுற்றி இருப்பதில். கார்ட்டைப் பூட்டாமல் அறைக்குள் போவது. கணினித் திரையில் ஒருவருடைய பெயரும் நோயும் திறந்து கிடப்பது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் எதிரிலும் சட்டையைத் தூக்கி இன்சுலின் போடுவது. மாத்திரைக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு ‘அப்புறம் சாப்பிடுங்க தாத்தா’ என்று வந்துவிடுவது. சர்க்கரை பார்க்கும் கருவியை அடுத்தவருக்கு எடுப்பதற்கு முன் துடைக்க மறப்பது, அல்லது துடைத்துவிட்டு ஈரம் காயும்வரை பொறுக்காதது. கிருமிநாசினித் துணி டப்பாவில் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், ஆய்வாளர் அதைப் படித்துவிட்டுத்தான் உங்களைப் பார்ப்பார். இன்சுலின் குப்பியில் திறந்த தேதி எழுதியிருக்கிறதா? பெரும்பாலானவை திறந்த 28 நாளில் முடிந்துவிடும்.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், ‘எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி, அவர் எதிரிலேயே டாக்டர் எழுதிய ஆர்டரைத் திறந்து பாருங்கள். ஊகித்துச் சொல்லும் நர்சைவிட, தேடிப் பார்க்கும் நர்ஸை யாரும் நம்புவார்கள்.

கேள்வி: நான் நர்சிங் ஹோம் சமையலறையில் உதவியாளர். ஆய்வுக்கு நான் என்ன தயார் செய்ய வேண்டும்?
— வாசகர், அரோரா

தம்பி, வந்தவுடன் அவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பதே உங்கள் இடத்தைத்தான். ஃபிரிட்ஜில் தேதி எழுதாத டப்பா எதுவும் இருக்கக் கூடாது. குளிர்ந்தது 41 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, சூடானது 135-க்கு மேலே. பச்சை இறைச்சி எப்போதும் அடித்தட்டில். தலைவலை, தாடிக்கும் வலை. பாத்திரம் கழுவும் கிருமிநாசினியைச் சோதனைக் காகிதத்தில் நனைத்துக் காட்டச் சொல்வார்கள், அப்போது முதல்முறையாகச் செய்யாதீர்கள். வெப்பநிலைத் தாளை வாரக் கடைசியில் மொத்தமாக நிரப்புகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஏன் என்று கீழே ஒரு பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது, கும்பகோணம். பக்கவாதத்துக்குப் பிறகு ஆங்கிலம் போய்விட்டது, தமிழ் மட்டும்தான். எட்டு மாதமாக இங்கே ஒரு நர்சிங் ஹோமில் இருக்கிறார். ‘ஆய்வு வரப்போகிறது, யாராவது கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்’ என்று ஒரு சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார். குறை சொன்னால் அப்பாவைச் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, எடிசன்

இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன் அம்மா. அந்த சூப்பர்வைசர் சொன்னது தவறு. ஆய்வாளரிடம் மனம் திறந்து பேசுவது உங்கள் அப்பாவின் உரிமை. பேசியதற்காக அவரை யாரும் வேறுவிதமாக நடத்தக் கூடாது என்பது மத்திய விதியிலேயே இருக்கிறது. ரெசிடென்டோடு தனியாகத்தான் பேசுவார்கள், ஊழியர் பக்கத்தில் நிற்கக் கூடாது. பேச முடியாதவர் என்றால் குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் கேட்பதும் முறையில் உண்டு. அப்பாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று இன்றே எழுத்தில் கொடுங்கள். அவருக்குப் புரியும் மொழியில் அவர் உடல்நிலையைச் சொல்ல வேண்டியது நர்சிங் ஹோமின் கடமை, ஆய்வு நாளுக்கு மட்டும் உரியது கிடையாது.

ஆனால் 15 மாதத்துக்கு ஒரு முறை வருகிறவருக்காகக் காத்திருக்காதீர்கள். அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று திட்டமிடும் கேர் பிளான் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கும், உங்களை அழைப்பார்கள். அதில் சின்னதாகத் தெரியும் விஷயங்களைச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். இடது கையால் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டார் என்றால் அதைச் சொல்லுங்கள். சைவம் என்றால் முட்டை, இறைச்சி மட்டும் இல்லை, இங்கே கொடுக்கும் ஜெல்லோ என்ற இனிப்பிலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது என்று சொல்லுங்கள். காலையில் குளித்தே பழகியவரை ராத்திரி 8 மணிக்கு ஷவருக்குத் தள்ளிக்கொண்டு போனால் அவர் கத்தத்தான் செய்வார். அதை ‘முரண்டு பிடிக்கிறார்’ என்று சார்ட்டில் எழுதுவார்கள், பிறகு மருந்து வரும். குளியலை மாற்றினால் மருந்து வேண்டாம்.

எங்கள் இடத்தில் ஒரு தமிழ்ப் பாட்டி இருந்தார். தலைமாட்டில் ஒரு அட்டை ஒட்டினேன். தண்ணி, வலி, பாத்ரூம், போதும், குளிருது. ஐந்து சொல், ஆங்கில எழுத்தில், பக்கத்தில் படம். கென்யாவிலிருந்து வந்த ஒரு உதவியாளர் ‘தண்ணி?’ என்று முதல் முறை கேட்டபோது பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த வருடம் ஆய்வாளர் அந்த அட்டைக்கு முன்னால் நின்று, ‘இது என்ன?’ என்று அந்த உதவியாளரைக் கேட்டார். அவள் ஐந்தையும் உச்சரித்துக் காட்டினாள். நான் எந்தப் பயிற்சியிலும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

குறை தீராவிட்டால் ஓம்புட்ஸ்மன் என்று ஒருவர் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு, ரெசிடென்டின் பக்கம் நிற்பதற்கென்றே இருப்பவர். அவர் எண் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். ஆய்வாளர்கள் வருவதற்கு முன் அவரிடமும் பேசிவிட்டுத்தான் வருவார்கள். முன்வாசலில் இருக்கும் 2567-ஐ நீங்களும் படியுங்கள். போன மூன்று வருடத்து அறிக்கைகளைக் கேட்டாலும் காட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் இருந்தால், அவர் பெயரையும் ஆய்வாளரிடம் சொல்லுங்கள். அவர்களைப் பற்றி நல்லதாக யாரும் சொல்வதே இல்லை.

கேள்வி: எங்களுக்கு இந்த முறை ஒரு G வந்துவிட்டது. படுக்கைப்புண். அந்த வார்டின் இரவு உதவியாளர் அழுதுகொண்டே இருக்கிறாள், வேலையை விடப்போகிறாளாம். எல்லோரும் அவளைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நான் யூனிட் மேனேஜர். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, டெட்ராய்ட்

தெரியாதவர்களுக்காக: ஒவ்வொரு குறைக்கும் A முதல் L வரை ஒரு எழுத்து போடுவார்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு கெடுதல் என்று இரண்டையும் சேர்த்து. G என்றால் ஒருவருக்கோ ஒரு சிலருக்கோ உண்மையிலேயே பாதிப்பு நடந்துவிட்டது. J, K, L என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து.

எனக்கும் ஒரு G வந்திருக்கிறது. பல வருடம் முன்பு, வேறு இடத்தில். அங்கே நான் யூனிட் மேனேஜராக இருந்தேன். இதுவரை இந்தப் பத்தியில் எழுதியதில்லை.

ஆய்வு நெருங்குகிறது என்று எங்கள் மேலதிகாரிகள் தினமும் விரட்டினார்கள். நானும் என் பெண்களை விரட்டினேன். நான் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது: ‘சார்ட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.’ காலிக் கட்டத்தை மஞ்சள் பேனாவால் குறித்து, மறுநாள் கூப்பிட்டு நிரப்ப வைத்தேன். அதைத்தான் தயாரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போவார். குதிகாலில் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று கேர் பிளான். ஆய்வாளர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அப்புறம் அமைதியாக டயாலிசிஸ் நாட்களின் போக்குவரத்துப் பதிவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா கட்டிடத்திலேயே இல்லாத நேரத்திலும் ‘திருப்பினோம்’ என்று கையெழுத்து இருந்தது. மூன்று பேர் கையெழுத்து.

அந்த மூன்று பேரும் நல்ல பெண்கள். ஒருத்தி அந்த வாரத்தில் இரண்டு முறை 16 மணி நேரம் வேலை செய்திருந்தாள். அவர்களைப் பொய் எழுத வைத்தது நான். காலிக் கட்டம் எனக்கு ஒரு செய்தியாக இருந்திருக்க வேண்டும். இந்த ராத்திரி ஆள் போதவில்லை, இந்த அம்மாவிடம் யாரும் போகவில்லை என்று அந்தக் காலி இடம் எனக்குச் சொல்லியிருக்கும். நான் அதை அடைத்துவிட்டேன். குதிகாலில் புண் ஆழமானது எனக்குத் தெரியாமலே போனது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். அறிக்கை கைக்கு வந்த 10 நாளில் திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்தீர்கள், வேறு யாருக்கு இதே ஆபத்து, என்ன முறையை மாற்றினீர்கள், எப்படிக் கண்காணிப்பீர்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுதுவீர்கள். ‘ஊழியருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துத் தாளை இணைத்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். அதற்கு முன்னால் அந்த இரவு உதவியாளரோடு உட்காருங்கள். அந்த வாரம் ஒவ்வொரு ராத்திரியும் அவளிடம் எத்தனை பேர் இருந்தார்கள், இரண்டு ஆள் சேர்ந்து திருப்ப வேண்டியவர்கள் எத்தனை, துணைக்கு ஆள் இருந்தாரா, தோல் சிவந்ததை அவள் யாரிடமாவது சொன்னாளா, சொன்னபோது அந்த ஆள் என்ன செய்தார். இதையெல்லாம் கேட்டு எழுதினால் ‘முறையை மாற்றினோம்’ என்ற பகுதிக்கு உண்மையான பதில் கிடைக்கும். பல நேரம் அவள் சொல்லியிருப்பாள். கேட்டவர் மறந்திருப்பார்.

அந்த ஆசிரியை இருந்த இடத்தில் பிறகு நாங்கள் செய்த மாற்றம் சின்னது. குளிப்பாட்டும்போது தோலில் எதைப் பார்த்தாலும் உடம்பின் வரைபடம் போட்ட ஒரு தாளில் பேனாவால் வட்டம் போட்டு நர்ஸ் கையில் கொடுக்க வேண்டும். நர்ஸ் அதே ஷிஃப்டில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உதவியாளருக்கு ஆங்கிலம் எழுத வராவிட்டாலும் வட்டம் போட வரும். இதோடு, காலிக் கட்டத்துக்கு யாரையும் கோபிப்பதில்லை என்று நான் எல்லோர் எதிரிலும் சொன்னேன். முதல் வாரம் திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் தாள் முழுக்கக் காலி. அதைப் பார்த்துத்தான் இரவுக்கு இன்னொரு ஆள் கேட்க எனக்குத் தைரியம் வந்தது. கிடைக்க ஏழு வாரம் ஆனது.

அந்தப் பெண்ணை வேலையை விட விடாதீர்கள். முடிந்தால் அடுத்த மாதத் தோல் பரிசோதனைச் சுற்றுக்கு அவளையும் உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் புண்ணை மறக்காதவள் அவள்தான்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். தேர்வு முடித்துவிட்டேன். அடுத்த மாதம் இல்லினாயில் ஒரு நர்சிங் ஹோமில் சேரப்போகிறேன். சேர்ந்த வாரமே ஆய்வு வந்துவிட்டால்?
— வாசகி

வந்தால் வரட்டும். புதிதாக வந்தவர் என்று சொல்லுங்கள், அவர்களும் மனிதர்கள்தான். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். ஊரில் வார்டுக்குள் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் நமக்கு இல்லை, அதனால் இதை இப்போதே வீட்டில் பழகுங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொருவரையும் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். மற்றவர்கள் ‘ஹனி’, ‘ஸ்வீட்டி’ என்று கூப்பிடுவதைப் பார்த்து நீங்களும் தொடங்காதீர்கள், பலருக்கு அது பிடிக்காது. காயம், சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய் உள்ளவர்களைத் தொட்டுக் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் கவுனும் கையுறையும் போட வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து இதைக் கட்டாயமாகப் பார்க்கிறார்கள், கதவில் அட்டை இருக்கும்.

அப்புறம், ஜனவரியில் வந்து சேர்ந்தால் நல்ல தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். ஊழியர் கார் நிறுத்தும் இடத்தில் பனி சறுக்கும். வந்து சேர்ந்ததும் எழுதுங்கள், மஞ்சள்பொடியும் நல்லெண்ணெயும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்கிறேன்.